ஏப்ரலில் ஒடித்த கிளை

ஜைனுதீன் வாயைத் திறந்தால் மரம்தான் என்று அவர் மனைவி மெஹர் நிஷா சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை. பாலம் கட்டும் என்ஜினியர் மனிதர். பேச வேண்டுமானால் பாலத்தைப் பற்றிப் பேசலாம். இவரோ யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் தட்டைக் கையில் வாங்கும் முன் பின்கதவைத் திறந்து தோட்டத்தைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. "இந்த மரத்த ஏன் சுவத்துப் பக்கத்துல வச்சீங்க? பத்து வருஷத்துல ஃபவுண்டேஷன ஒரு வழி பண்ணிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் பிரியாணியில் கை வைப்பார். அதற்கப்புறம் கூப்பிட்டவர்களுக்குப் பிரியாணி எப்படி இறங்கும்?

அப்படிப்பட்டவரிடம்தான் 2006-ஆம் வருஷம், அமெரிக்காவில் ரவுண்ட் ராக் ஊரில் இருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கபர்ஸ்தானுக்கு, அடக்கம் செய்யும் நிலத்துக்கு, மரம் தேர்ந்தெடுக்கிற வேலையைக் கொடுத்தன. ஊருக்கு மேற்கே சுண்ணாம்புப் பாறை மேட்டில் ஒரு துண்டு நிலம். மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்ந்து வாங்கிய பிறகுதான் அதற்கு வழி இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. ரோட்டிலிருந்து அங்கே போக வேண்டுமானால் ரஸ்ஸல் என்ற பண்ணைக்காரரின் நிலத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்த வருஷங்களில் தாடி வைத்த நாலு பேர் சேர்ந்து நிலம் பார்க்கப் போனாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். ரஸ்ஸலும் அப்படித்தான் பார்த்தார். ஜைனுதீன் நடையாய் நடந்து, அவருடைய மரங்களைப் பற்றியே பேசிப் பேசி, ஒரு வருஷத்துக்கு வழி வாங்கினார். எல்லாம் சரியாக நடந்தால் அப்புறம் நிரந்தரமாகக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகப் பேச்சு.

ரஸ்ஸல் இரண்டு நிபந்தனை வைத்தார். அவர் வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கபர் தெரியக் கூடாது. அதனால் வேலி ஓரம் முழுக்க மரம் வைக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைச் சொல்லும்போது அவர் ஜைனுதீனை வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லைவ் ஓக் மரங்கள், அவருடைய பாட்டன் காலத்திலிருந்து நிற்பவை, கிளையோடு கிளை கோத்து நின்றன. மேலே பார்த்தால் தனித்தனி மரம், கீழே வேர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, ஒன்றுக்கு நோய் வந்தால் வரிசையே போகும் என்றார் ரஸ்ஸல். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஓக் மரத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. அந்த மாதங்களில்தான் பச்சைக் காயத்தின் வாசனைக்கு ஒரு பொடி வண்டு பறந்து வரும், வரும்போது வாடல் நோயையும் சுமந்துகொண்டு வரும். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு சிவப்பு ஓக் அப்படித்தான் போன வருஷம் பட்டுப்போயிருந்தது.

"ஐ கிவ் யூ மை வேர்ட்" என்று ஜைனுதீன் கை கொடுத்தார். இது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்துக்கு வாக்குக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் கபர்ஸ்தான் கமிட்டி மீட்டிங்கில் ஆரம்பித்தது. ஜைனுதீன் வீட்டு ஹாலில்தான் கூடினார்கள். எந்த மரம் வைப்பது என்று கேட்டதும் ஆளுக்கு ஒரு மரம் சொன்னார்கள். கமிட்டியிலேயே மூத்தவரான டாக்டர் அங்கிளுக்கு செஸ்ட்நட் வேண்டும். ஹாமிதுக்கு பீச்.

ஹாமித் நியூ ஜெர்சியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காயல்பட்டினத்துக்காரன். ஜைனுதீனை ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவான். கோபமும் பாசமும் ஒரே குரலில் வரும். தம்பி ஜுஹைரைக் கூடவே வைத்துக்கொண்டு, படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, இன்னும் அவனுக்குக் கார் ஓட்டப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பவன்.

"எடிசன்ல எங்க பள்ளிவாசலுக்குப் பின்னாடி ஒரு பீச் மரம் காக்கா. என்னா நிழல் தெரியுமா? விண்டர்ல கூட எல அப்படியே நிக்கும். கபருக்கு மேல அந்த மாதிரி ஒண்ணு இருக்கணும்" என்றான்.

"பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா நியூ ஜெர்சி மண்ணு வேற, இது வேற. இங்க உள்ள வெயில்ல பீச் ரெண்டு சம்மர் தாங்காது. செஸ்ட்நட்டுக்கு சுண்ணாம்பு ஆகவே ஆகாது, எல வெளுத்தே செத்துடும். பீச், செஸ்ட்நட், ஓக் மூணும் ஒரே குடும்பம்தான், ஆனா இந்தப் பாறையில பொழைக்கத் தெரிஞ்சது ஓக் மட்டும்தான்" என்றார் ஜைனுதீன்.

"அப்ப சிவப்பு ஓக் வைங்க. வேகமா வளரும், கலரும் நல்லா வரும்."

"அதுதான் நோய்க்கு மொதப் பலி. பர் ஓக் வைக்கிறோம். அதுக்கு அந்த வாடல் லேசுல வராது."

"பர் ஓக் வளர்ந்து நிழல் தர்றதுக்குள்ள நாமளே உள்ள போய்ப் படுத்துருவோம் காக்கா!"

"அதுக்குத்தானே எடம் வாங்கிருக்கோம்?" என்றார் ஜைனுதீன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவன் ஜுஹைர். "காக்கா, எனக்கு மட்டும் இப்பவே நெழல் உள்ள எடமாப் பாத்து புக் பண்ணிருங்க, என் காக்கா கூடச் சண்டை போடாம நிம்மதியாத் தூங்கணும்" என்றான். ஹாமித் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். ஆனால் எல்லாரும் சிரித்ததில் ஹாமிதுக்கு முகம் விழுந்துவிட்டது. மீட்டிங் முடிந்ததும் டீ குடிக்காமலே எழுந்து போனான். அன்றிலிருந்து ஜைனுதீனைக் கண்டால் ஸலாம் மட்டும்தான்.

"நீங்க சொன்னது சரிதான். ஆனா சொல்ற மொறன்னு ஒண்ணு இருக்கு" என்றாள் மெஹர் நிஷா.

"மரத்துக்கு மொற தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பர் ஓக் கன்றுகளை ஆர்டர் பண்ணப் போய்விட்டார். குளிர்காலத்தில் கன்றுகளை நட்டார்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் ஜுஹைர் ஆபீஸ் போகும் வழியில் ஃப்ரீவேயில் விபத்தில் இறந்துபோனான். அவனுக்கு இருபத்தாறு வயது.

கபர்ஸ்தானில் அதுதான் முதல் கபர். எந்த இடம் என்று கேட்டபோது ஜைனுதீன்தான் போய் வேலி ஓரத்து லைவ் ஓக் நிழலில் கயிறு பிடித்து அளந்து குச்சி நட்டார். குச்சியைத் தட்டும்போது அந்தப் பையனின் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தன் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவைக் கொண்டுவந்தார்கள். மையித்தைக் குழிக்குள் இறக்கி, எல்லாரும் மூன்று பிடி மண் போட்டு, கபரை மூடியாயிற்று. ஜுஹைரோடு ஆபீஸில் வேலை பார்த்த திருமூர்த்தி, ஈரோட்டுப் பையன், தலைமாட்டில் வைக்க மீசான் பலகையைத் தன் வீட்டு கராஜில் தானே அறுத்து, பெயரைக் கறுப்பு பெயிண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதை நட்டார்கள். தொழுகை நடத்தி வைத்த ஹஜ்ரத் கடைசிப் பிரார்த்தனையாக துஆ ஓதக் கையை உயர்த்தினார்.

"பச்சைக் கிளை எங்க?" என்றான் ஹாமித்.

யாரும் கொண்டுவரவில்லை. ஊரில் என்றால் யாராவது ஒருத்தர் கையில் அது தானாக வந்துவிடும். கபரில் ஊன்றிய கிளை பச்சையாக இருக்கிறவரை உள்ளே இருப்பவரின் பாரம் லேசாகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இந்தப் பரதேசத்தில் அது யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று. ஹாமித் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தான். அப்புறம் விறுவிறுவென்று மரத்தடிக்குப் போனான். படார் என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொரு சத்தம். இரண்டு கிளைகளோடு திரும்பி வந்து தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று ஊன்றினான்.

ஹஜ்ரத் ஓத ஆரம்பித்தார். எல்லாக் கையும் உயர்ந்தது. ஜைனுதீனின் கை மட்டும் உயரவில்லை.

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடித்த இடத்தில் பட்டை கிழிந்து, மரம் வெள்ளையாக ஈரமாகத் தெரிந்தது. ஏப்ரல் மாதம். நல்ல வெயில். காற்று கூட இல்லை. வண்டு பறக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. காயத்தை உடனே மூட வேண்டும், துஆ முடியட்டும் என்று நின்றால் அதற்குள் வண்டு வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பையனைப் புதைத்த மண் ஈரம் காயாமல் கிடக்கிறது, தான் மரத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் இந்த வரிசை பட்டால் வழி போகும். வழி போனால் இந்தக் கபருக்கு யார் எப்படி வருவது?

மெல்லப் பின்வாங்கி, கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்ற திருமூர்த்தியிடம் போனார். "தம்பி, அந்த பெயிண்ட் மிச்சம் இருக்கா?"

"கார்ல இருக்குங்க அங்கிள். எழுத்து ஏதாச்சும் அழிஞ்சிருச்சுங்களா?"

"கொண்டா. சீக்கிரம்."

டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம்தான் இருந்தது. ஜைனுதீன் தொப்பியைச் சரி பண்ணக்கூட நிற்காமல் மரத்தடிக்கு ஓடி, வழித்து வழித்துக் காயத்தில் பூசினார். முதுகுக்குப் பின்னால் ஆமீன், ஆமீன் என்று கேட்டது. அவரும் வாய்க்குள் ஆமீன் சொல்லிக்கொண்டே பூசினார்.

யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினார்கள். ஹாமித். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"என் தம்பிக்கு துஆ ஓதறாங்க. நீங்க மரத்துக்கு பெயிண்ட் அடிக்கிறீங்களா?"

"ஹாமித், கொஞ்சம் பொறு..."

"மனுசன்தானா காக்கா நீங்க? நெழல் உள்ள எடமா புக் பண்ணுன்னு அவன் சொன்னப்ப சிரிச்சீங்களே! இப்ப சந்தோஷமா?"

ஹாமித் பிடித்த பிடியில் சட்டைப் பொத்தான் தெறித்தது. ஜைனுதீன் தடுக்கவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நேரம் இல்லை.

"அடிக்கணும்னா அப்புறம் அடி. இந்தக் காயத்துல நோய் எறங்கிச்சுன்னா ரஸ்ஸல் மரமெல்லாம் சாகும். வழிய மூடிடுவாரு. அப்புறம் உன் தம்பிக்கு ஸலாம் சொல்லக்கூட இங்க வர முடியாது. நான் மரத்துக்காக அடிக்கல. அவனுக்காகத்தான் அடிக்கிறேன்."

ஹாமிதின் பிடி மெல்லத் தளர்ந்தது. துஆ முடிந்து எல்லாரும் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னொரு கிளை எங்க ஒடிச்சே?" என்று கேட்டார் ஜைனுதீன்.

ஹாமித் கையைக் காட்டினான். வேலிக்கு மேலாக இந்தப் பக்கம் வளைந்து தொங்கிய ஒரு கிளை. இழுத்த வேகத்தில் பட்டை உரிந்துகொண்டே போய் வேலிக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு கீறல். அது ரஸ்ஸலின் மரம்.

டப்பாவில் பெயிண்ட் இல்லை. ரஸ்ஸலின் டிரக் தூரத்தில் அவர் வீட்டு முன்னால் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை. யாரும் பார்க்கவில்லை.

ஜைனுதீன் நின்றார். உள்ளதைச் சொன்னால் ரஸ்ஸல் இன்றைக்கே வழியை மூடிவிடுவார். சொல்லாமல் விட்டால்? இலை அடர்ந்த மரம், காயம் அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படாது. நோய் வந்தால் வரட்டும், வராமலும் போகலாம். எங்கிருந்தோ வந்த வண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரார் வீட்டுத் தோட்டத்துக்கெல்லாம் நியாயம் சொன்ன மனிதருக்கு அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

"வாங்க காக்கா" என்றான் ஹாமித். "ஒடிச்சது நான். நானே சொல்றேன்."

மண் அப்பிய கையோடு அவன் ரஸ்ஸலின் வீட்டை நோக்கி நடந்தான். ஜைனுதீன் பொத்தான் இல்லாத சட்டையோடு பின்னால் ஓடினார்.

ரஸ்ஸல் கதவைத் திறந்தார். "ஐ ப்ரோக் யுவர் ட்ரீ" என்றான் ஹாமித். "ஃபார் மை பிரதர்ஸ் கிரேவ்." மீதியை ஜைனுதீன் சொன்னார். ரஸ்ஸல் ஹாமிதின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரக்கிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய், ஏணி போட்டு ஏறி, காயம் முழுவதும் அடித்தார். இறங்கி வந்தவர் முகம் இறுகிக் கிடந்தது.

அடுத்த வசந்தம் வரை பார்ப்பேன் என்றார். மரம் துளிர்த்தால் கையெழுத்து. இல்லையென்றால் கேட்டை வெல்டு வைத்துவிடுவேன்.

"என் தம்பி?" என்று கேட்டான் ஹாமித்.

அவர் அங்கேயே இருக்கலாம், ஆனால் யாரும் என் நிலத்து வழியாக வர முடியாது என்றார் ரஸ்ஸல். தம்பிக்காக வருத்தப்படுவதாகவும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் பொய் இல்லை. அதனால்தான் முதலில் சொன்னதும் பொய் இல்லை என்று இருவருக்கும் புரிந்தது.

அந்த ஒரு வருஷம் ஜைனுதீன் சரியாகத் தூங்கவில்லை. நோய் உள்ளே இறங்கியிருந்தால் வெளியே தெரிய மாசக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். இலை நுனி ஒன்று பழுத்திருந்தால் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஹாமித் வெள்ளிக்கிழமை வருவான் என்பது மண் வழியில் கிடக்கும் புது டயர் தடத்தில் தெரியும். இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை. ஊன்றிய கிளைகள் பத்து நாளில் காய்ந்து சருகாயின. யாருக்கும் பிடுங்க மனம் வரவில்லை. அல்லாஹ் கிருபையில் அந்த வருஷம் வேறு மவுத்து நடந்து இன்னொரு கபர் தோண்ட வேண்டி வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜைனுதீனின் செல்போன் அடித்தது. ஹாமித். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"காக்கா, எல்லாம் கொட்டுது. எல மஞ்சளா மாறிக் கொட்டுது. கபர் தெரியல. போச்சு காக்கா."

லைவ் ஓக் மார்ச்சில் பழைய இலையைக் கொட்டும், அது வழக்கம்தான். அது ஜைனுதீனுக்கு நன்றாகத் தெரியும். நோய் வந்தாலும் இதே மாதத்தில் இதே மாதிரிதான் கொட்டும் என்பதும் தெரியும். ஆபீஸில் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஹாமித் கபர் ஓரத்தில் முழங்காலிட்டு இலைகளை அள்ளிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ரஸ்ஸலும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நரம்பப் பாரு. நரம்பு மட்டும் பழுப்பா இருந்தா நோய். எல மொத்தமா மஞ்சளா இருந்தா ஒண்ணும் இல்ல" என்றார் ஜைனுதீன்.

மூன்று ஆண்கள் மண்டியிட்டு ஒவ்வொரு இலையாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள். மஞ்சள். மஞ்சள். மஞ்சள். திடீரென்று ஹாமித் ஒரு இலையை நீட்டினான். நடு நரம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு. ஜைனுதீன் வாங்கிப் பார்த்தார், ரஸ்ஸலிடம் கொடுத்தார். ரஸ்ஸல் வெகுநேரம் பார்த்தார். தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

"மேல பாக்கணும். காயம் பட்ட கிளையோட நுனியில பாத்தாத்தான் தெரியும்" என்றார் ஜைனுதீன்.

ரஸ்ஸல் டிரக்கைக் கேட் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார். ஐம்பது வயது ஜைனுதீன் டிரக்கின் பின்பக்கம் ஏறி, அங்கிருந்து அதன் கூரைமேல் கால் வைத்து, கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார். ஹாமித் கீழே அவர் காலைப் பிடித்துக்கொண்டான். காலுக்குக் கீழே, ஒரு வருஷத்துக்கு முன்னால் பூசிய கறுப்பு பெயிண்ட் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் மரம் தடித்து, உதடு மாதிரிக் காயத்தை மூட ஆரம்பித்திருந்தது. கிளை நுனியைத் தன் பக்கம் வளைத்தார். பழைய இலை நின்ற ஒவ்வொரு கணுவிலும் இளஞ்சிவப்பாக, நகக்கண் அளவுக்குத் துளிர்.

"வருது" என்றார். மறுபடியும் சொன்னார். "வருது ஹாமித், துளிர் வருது!"

ரஸ்ஸல் வேலி தாண்டி வளைந்திருந்த தன் கிளையைப் போய்ப் பார்த்தார். அங்கும் துளிர்தான். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடப் பேப்பரைக் கொண்டு வா என்றார். ஹாமித் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை. ஜைனுதீன் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஹாமித் கபரின் மேல் கிடந்த சருகுகளை ஒதுக்கினான். ஒதுக்கிய கை நின்றது. தலைமாட்டில், காய்ந்து நின்ற கிளையின் அடியை ஒட்டி ஒரு பச்சைக் குருத்து. நாலைந்து சின்ன இலைகள், ஓரத்தில் முள் முள்ளாக.

"லுக்" என்றான் ரஸ்ஸலிடம். "இட் டுக் ரூட். என் கிளை வேர் விட்டிருச்சு காக்கா!"

ரஸ்ஸல் குனிந்து பார்த்தார். பிறகு ஜைனுதீனைப் பார்த்தார். ஒடித்து ஊன்றிய ஓக் கிளை ஒருநாளும் வேர் விடாது. கீழே ஓடுகிற பெரிய வேரிலிருந்து இப்படிக் குருத்து கிளம்புவது இங்கே சாதாரணம். பண்ணைக்காரருக்கும் தெரியும், ஜைனுதீனுக்கும் தெரியும். விருந்து வீட்டுப் பிரியாணியைக்கூட ஆற விட்டு நியாயம் பேசிய வாய் திறந்தது.

"ஆமா" என்றார் ஜைனுதீன். "புடிச்சிருச்சு."

ரஸ்ஸலும் தலையை ஆட்டினார்.

காருக்குத் திரும்பி நடக்கும்போது ஹாமித் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குப் பொய் சொல்ல வரல காக்கா" என்றான் மெதுவாக. "ஒடிச்ச கிளை வேர் விடாதுன்னு எனக்கும் தெரியும். ஒரு வருஷமா நான் வேற என்னத்தப் படிச்சேன்?"

ஜைனுதீன் நின்று கபரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒடிச்ச மரத்தோட வேருதானே அது?"

"ஆமா" என்றார் ஜைனுதீன். இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.